கோயாவின் கறுப்பு ஓவியங்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்த மார்த்தினெஸ் குபெல்ஸ்: காத்தவரா, கெடுத்தவரா?

நிழல்வண்ணன் · 4 பிப்ரவரி 2023

ஸ்பானிய ஓவியர் கோயா தன் வீட்டுச் சுவர்களில் வரைந்து, இப்போது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் 14 கறுப்பு ஓவியங்களைப் பற்றி ஒரு கருத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: 'இப்போது கித்தானில் தெரிவது கோயாவின் கை இல்லை, அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்த சல்வதோர் மார்த்தினெஸ் குபெல்ஸின் முரட்டு நகல்'. இது எவ்வளவு உண்மை? இந்த மனிதர் யார்? ஓவியரா, வெறும் பழுதுபார்ப்பவரா?

பழைய சுதை · 4 பிப்ரவரி 2023

இரண்டும்தான். அதை மனத்தில் வைக்காமல் அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள முடியாது.

1845இல் வலென்சியாவில் பிறந்தவர். அப்பா பிரான்சிஸ்கோ மார்த்தினெஸ் யாகோவும் ஓவியர், பழுதுபார்ப்பவர். ஆகவே வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சுவதும் பழைய வார்னிஷை எடுப்பதும் வீட்டுத் தொழில். வலென்சியாவின் சான் கார்லோஸ் கலைக்கழகத்தில் படித்தார். 1869இல், 24 வயதுகூட நிறையாத நிலையில், பிராடோவின் தலைமைப் பழுதுபார்ப்பாளர் பதவி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசி இரண்டாம் இசபெல் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். அரச குடும்பத்தின் சொத்தாக இருந்த பிராடோ நாட்டின் சொத்தானது. 1872இல் திரினிதாத் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் இதற்குள் வந்து சேர்ந்தது. மடங்களிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட பெரிய பெரிய மதப் படங்கள் அதில் அதிகம். பழுதுபார்க்கும் பட்டறைக்கு வேலை குவிந்த காலம் அது. 1895 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1914இல் மாட்ரிட்டில் இறந்தார்.

ஓவியர் என்ற முறையில் அவர் வரலாற்றுப் படக்காரர். ஆளுயர உருவங்கள், பட்டு, இரும்புக் கவசம், மேடைபோல அமைத்த கூட்டம். 'இளவரசர் யுவானின் கல்வி' 1878 தேசியக் கண்காட்சியில் முதல் பதக்கம் பெற்றது. 1887இல் 'தோன்யா இனெஸ் தெ காஸ்த்ரோ': இறந்துபோன இனெஸைத் தோண்டியெடுத்து அரியணையில் அமர்த்தி, அரசவையினர் வணங்கும் காட்சி. அதற்கும் முதல் பதக்கம். இரண்டுமே பிராடோவின் சேகரிப்பில் உள்ளவை. 1891இல் சான் பெர்னாந்தோ கலைக்கழக உறுப்பினர்.

பழைய சுதை · 5 பிப்ரவரி 2023

பெயர்க் குழப்பம் பற்றி ஒரு சேர்க்கை. தேடினால் 'என்ரிக்கே மார்த்தினெஸ் குபெல்ஸ்' என்ற பெயரில் கடல், மீனவர், மாட்ரிட் தெருப் படங்கள் வரும். அவர் மகன், 1874இல் பிறந்தவர். கோயா வேலையில் கூட நின்ற என்ரிக்கே வேறு, அவர் சல்வதோரின் தம்பி. பிரான்சிஸ்கோ என்ற இன்னொரு சகோதரரும் உதவினார். அப்பாவின் பெயரும் பிரான்சிஸ்கோ. ஒரே குடும்பத்தில் ஒரே பெயர்கள் சுற்றுவதால் ஏலப் பட்டியல்களைப் படிக்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆளிவிதை · 5 பிப்ரவரி 2023

வாழ்க்கைக் குறிப்பு சரி. ஆனால் கேள்வி பெயர்த்தெடுத்ததைப் பற்றியது. இத்தாலியில் பிரெஸ்கோக்களை உரித்தெடுப்பது 18ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்துவருகிறது. பெர்காமோவின் செக்கோ சுவார்தோ 1864இல் பிளாரன்சில் அதற்குப் பயிற்சி வகுப்பே நடத்தினார். 1874இல் இது தெரியாத வித்தை இல்லை. கோயாவின் பிரெஸ்கோக்கள் மட்டும் ஏன் இவ்வளவு அடிபட்டன?

பழைய சுதை · 6 பிப்ரவரி 2023

அவை பிரெஸ்கோ அல்ல, அதுதான் விஷயம். பிரெஸ்கோவில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீரில் கரைத்த வண்ணம் போடுவார்கள். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத் துகள்களையும் பிடித்துக்கொள்ளும். உரிக்கும்போது அந்த மெல்லிய கல்லோடு ஒரே தோலாக வரும். கோயா சான் அந்தோனியோ தெ லா புளோரிதா தேவாலயக் கூரையில் 1798இல் செய்தது அந்த வகை. தான் வாழ்ந்த கின்டா தெல் சோர்தோ என்ற பண்ணைவீட்டில் 1820க்கும் 1823க்கும் இடையில் அவர் செய்தது வேறு: காய்ந்த சுதைமேல் (சுவர்ப்பூச்சின்மேல்) பெரும்பாலும் எண்ணெய் வண்ணம். பிராடோ இதைக் 'கலப்பு முறை, சுவரோவியம், கித்தானுக்கு மாற்றப்பட்டது' என்று பதிந்திருக்கிறது.

காய்ந்த சுதைமேல் போட்ட எண்ணெய் வண்ணம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்காது. எண்ணெய் நிறைந்து தடித்த இடத்தில் அது தோல்போல நிற்கும். எண்ணெயைச் சுதை உறிஞ்சிவிட்ட மெல்லிய இடத்தில் மாவாகிவிடும். கோயா இங்கே அகலத் தூரிகையாலும் கத்தியாலும் தடித்தும், பக்கத்திலேயே கழுவியதுபோல மெல்லிசாகவும் போட்டிருக்கிறார். ஒரே படத்துக்குள் உரிபடும் தன்மை இடத்துக்கு இடம் மாறும். போதாததற்குப் பல படங்களின் அடியில் வேறு படம் இருக்கிறது. 1980களில் பிராடோவில் கார்மென் காரிதோ செய்த எக்ஸ்ரே ஆய்வில் அடியில் நிலக்காட்சிகள் தெரிந்தன. ஒரு படத்தில், லியோகாதியா என்று அழைக்கப்படும் பெண் இப்போது சாய்ந்து நிற்கும் மண்மேடு முதலில் ஒரு கணப்படுப்பாக இருந்தது. அடிப்படம், மேல்படம், நடுவே சரியாகப் பிடிக்காத அடுக்கு. இப்படிப்பட்ட சுவரில் இழுக்கும்போது எந்த அடுக்கில் பிரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பழைய சுதை · 6 பிப்ரவரி 2023, இரவு

உரிக்கும் வேலை நடக்கும் வரிசையையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் 'கெடுத்தார்' என்பது வெறும் வசவாகவே நிற்கும்.

முதலில் சுவரின் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். புகை, மெழுகு, பழைய வார்னிஷ் இருந்தால் வச்சிரம் பிடிக்காது. ஆனால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய மேல்பூச்சு துணியோடு வந்துவிடும். முதல் இழப்பு இங்கேயே நடக்கிறது.

அடுத்து முகத்துணி. வச்சிரத்தை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குவார்கள். 60 டிகிரிக்குமேல் நெடுநேரம் காய்ந்தால் பசையின் பிடிப்பே போய்விடும், கொதிக்கவே கூடாது. இத்தாலிய முறையில் அதில் கொஞ்சம் வினிகர், மாட்டுப் பித்தம், வெல்லப்பாகு சேர்ப்பார்கள். வினிகர் பசை சீக்கிரம் இறுகாமல் வைக்கும். பித்தம் எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் பரவ உதவும். பாகு, காய்ந்த பசை கண்ணாடிபோல நொறுங்காமல் தடுக்கும். முதலில் மல் துணி, மேலே கனமான துணி. துணி சுவரைவிட நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுருக்கம் ஒன்று விழுந்தாலும் அந்தக் கோடு வண்ணத்தில் பதிந்துவிடும்.

பிறகு காயவிட வேண்டும். காயும்போது வச்சிரம் சுருங்கி வண்ணத்தைத் தன் பக்கம் இழுக்கும். உரிக்கும் முறையே இந்த இழுப்பை நம்பித்தான். முழுதாகக் காயாமல் இழுத்தால் துணி மட்டும் கையில் வரும். அளவுக்குமேல் காய்ந்தால் துணி தானாகவே விளிம்பில் எழும்பி, பிடிப்புள்ள இடத்தை விட்டுவிட்டுப் பிடிப்பில்லாத இடத்தை மட்டும் பிய்த்துக்கொள்ளும். கட்டடத்தில் ஈரம் இருந்தால் எந்த நாளில் இழுப்பது என்பதே பெரிய தீர்மானம்.

விளிம்பைச் சுற்றி வெட்டிக்கொண்டு, கீழ் மூலையிலிருந்து நீண்ட தட்டை இரும்பை நுழைத்து மேல்நோக்கிப் பிரிப்பார்கள். சுதை இறுகியிருந்தால் வண்ணம் மட்டும் வரும். பொடிந்திருந்தால் சுதையும் சேர்ந்து வரும், கனம் கூடும், துணி தொய்யும், படம் உடையும். 'சூனியக்காரிகளின் கூட்டம்' என்ற படம் இப்போது 140.5க்கு 435.7 சென்டிமீட்டர். ஆறு சதுர மீட்டருக்கு மேல். 'சான் இசித்ரோ யாத்திரை' என்ற படமும் கிட்டத்தட்ட அதே அளவு.

கீழே இறக்கியபின் முகம் கவிழ்த்து, முதுகிலுள்ள சுதையைச் சுரண்டிச் சமமாக்கி, கித்தான் ஒட்ட வேண்டும். பிறகு வெந்நீர் ஒற்றி முகத்துணியைக் கழற்ற வேண்டும். இங்கே நீரோடு வண்ணமும் கரையலாம். புது முதுகில் கித்தானை அழுத்த இஸ்திரிப் பெட்டியைப் பயன்படுத்தினால் தடித்த வண்ண மேடுகள் தட்டையாகும்; கித்தானின் நெசவு முகத்தில் எழும்பும்.

ஒவ்வொரு படியும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கைதேர்ந்தவர் செய்தாலும் எடுக்கும்.

நிழல்வண்ணன் · 8 பிப்ரவரி 2023

நன்றி ஐயா, விரிவாகப் புரிந்தது. அப்படியானால் சேதமெல்லாம் முறையின் குற்றம், ஆளின் குற்றம் இல்லை என்கிறீர்களா? 'தடியடிச் சண்டை' படத்தில் முழங்கால்வரை சேற்றில் புதைந்து தடியால் அடித்துக்கொள்ளும் இருவர் உண்மையில் புதைந்தே இல்லையாமே?

பழைய சுதை · 9 பிப்ரவரி 2023

அப்படிச் சொல்லவில்லை. இழப்பு முறையால் வந்தது. இழந்த இடத்தில் எதைப் போடுவது என்பது ஆளின் முடிவு. இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் ஒருவர் அவரைக் கொலைகாரன் என்கிறார், இன்னொருவர் மீட்பர் என்கிறார்.

பெயர்ப்பதற்கு முன், 1874 வாக்கில், ஜான் லாரென்ட் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் படங்கள் சுவரில் இருந்தபடியே எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் மாட்ரிட்டில் இருக்கின்றன. தடியடிச் சண்டை (125க்கு 261 செ.மீ.) அதில் வேறுமாதிரி. இருவரும் புல்வெளியில் நிற்கிறார்கள், கால்கள் புல்லுக்குள் மறைகின்றன. ஓவியத்தின் அடிப்பகுதி மோசமாக இழந்திருக்க வேண்டும். பழுதுபார்த்தவர் அதை மண்நிறத்தில் மூடினார். பின்வந்த தலைமுறைகள் அந்த மூடலையே கோயாவின் சிந்தனையாக எடுத்துக்கொண்டு, தப்பிக்க முடியாத சகோதரச் சண்டை என்று நூறு விளக்கம் எழுதின. அந்த விளக்கங்களில் பாதி மார்த்தினெஸ் குபெல்ஸின் தூரிகைக்குச் சேர வேண்டியவை.

நாயின் படத்தில் (131.5க்கு 79.3) மேலே வெறுமை என்று நாம் பார்க்கும் இடத்தில், புகைப்படத்தில் ஒரு பாறை வடிவம் தெரிகிறது. நாய் பார்க்கும் திசையில் பறவைகள் இருப்பதாகச் சிலர் காண்கிறார்கள்.

ஆளிவிதை · 9 பிப்ரவரி 2023

பறவை விஷயத்தில் நிதானம் தேவை. லாரென்ட் பயன்படுத்தியது கொலோடியன் (ஒளியுணரும் பூச்சைத் தாங்கும் பசைப்படலம்) பூசிய கண்ணாடித் தட்டு. அது நீலத்துக்கும் புற ஊதாவுக்கும்தான் உணர்வுள்ளது. மஞ்சளும் பழுப்பும் சிவப்பும் அதில் இருட்டாகும், நீலம் வெளுக்கும். கறுப்பு ஓவியங்களில் இருப்பதே காவியும் பழுப்பும் கறுப்பும். மஞ்சள் காவியில் மெல்லிய வேறுபாடு இருந்தால் புகைப்படம் அதைப் பெரிதாக்கிக் காட்டும். வெளிறிய நீலச்சாம்பல் இருந்தால் காணாமலே போகும். சுதையின் விரிசல், உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு, தட்டின் கொலோடியன் கீறல் எல்லாமே பறவையாகத் தோன்றலாம். புல்வெளி வேறு. அது அகலமான, தொடர்ச்சியான பகுதி, தூரிகை ஓட்டம் தெரிகிறது. அதை நான் ஏற்கிறேன். பறவையை ஏற்கவில்லை.

பழைய சுதை · 10 பிப்ரவரி 2023

நல்ல எச்சரிக்கை. பாறையின் விளிம்புவரை எடுத்துக்கொண்டு பறவையை விட்டுவிடலாம். 'நாய் வெறுமையைப் பார்க்கிறது' என்ற வாசிப்பு ஆட்டம் காண அதுவே போதும்.

புகைப்படத்தைப் படிக்கும்போது இன்னொன்று. படங்களைச் சுற்றிச் சுவர்த்தாள் ஒட்டியிருப்பது தெரிகிறது. ஓவியத்தின் எல்லை அங்கே தாளின் விளிம்பு. எனவே 'இன்றைய கித்தான் சிறிதாகிவிட்டது' என்று அளவெடுக்கும் முன், தாளுக்குள் எவ்வளவு மறைந்திருந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

பழைய சுதை · 10 பிப்ரவரி 2023

ஆனால் சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. வலப்பக்கத்தில் ஏறத்தாழ 140 செ.மீ. குறைந்திருக்கிறது. முழு உயரத்துக்கு இவ்வளவு அகலம் போனால் அது விளிம்புச் சீரமைப்பு இல்லை. இப்போது வலக்கோடியில் நாற்காலியில் தனியே உட்கார்ந்திருக்கும் பெண் ஓரத்தில் ஒதுங்கியவள்போல் தெரிகிறாள். அவளுக்குப் பின்னால் இடம் இருந்தபோது கூட்டத்தின் நடுப்பகுதிக்கு இன்னும் அருகில் இருந்திருப்பாள். கூட்டத்தின் முன் அமர்ந்திருக்கும் ஆட்டுருச் சாத்தானின் இடமும் அதற்கேற்ப மாறிவிட்டது. படத்தின் எடைமையமே நகர்ந்த வெட்டு இது. மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் வலிக்கும் இழப்பு இதுதான், சேற்றுப் பூச்சைவிட. பூச்சை ஒருநாள் எடுக்கலாம்.

நிழல்வண்ணன் · 13 பிப்ரவரி 2023

இதே ஆள் வேறு ஏதாவது பெரிய பழுதுபார்ப்பு செய்திருக்கிறாரா? ஒப்பிட்டுப் பார்க்க.

பழைய சுதை · 14 பிப்ரவரி 2023

அதே காலத்தில் செய்தது ஒன்று இருக்கிறது, ஒப்பிடச் சரியானது. செவில் பேராலயத்தில் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் முரில்யோவின் 'பதுவை புனித அந்தோனியாரின் காட்சி' (1656), ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். 1874 நவம்பரில் ஓர் இரவில் யாரோ மண்டியிட்ட அந்தோனியாரின் உருவத்தை மட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டு போனார்கள். 1875 ஜனவரியில் அது நியூயார்க்கில் வில்லியம் ஷாஸ் என்ற கலை வணிகரிடம் விற்பனைக்கு வந்தது. அவர் 250 டாலருக்கு வாங்கி, அடையாளம் கண்டு, ஸ்பெயின் தூதரகத்திடம் ஒப்படைத்தார். செவிலுக்குத் திரும்பியதும் பொருத்தும் வேலை மார்த்தினெஸ் குபெல்ஸுக்கு வந்தது. 1875 அக்டோபரில் படம் மீண்டும் அதன் சிற்றாலயத்தில்.

இங்கே நிலைமை தலைகீழ். வெட்டு சுத்தமானது. கித்தானும் வண்ணமும் ஆரோக்கியமானவை, தொலைந்தது விளிம்புக் கோடு மட்டும். சுருட்டிக் கடல் தாண்டிய துண்டைச் சமப்படுத்தி, வெட்டு விளிம்புகளை நூலுக்கு நூல் சேர்த்து, முழுப் படத்துக்கும் பின்துணி ஒட்டி, சந்தில் நிரப்புப் பூச்சு வைத்து, டச்சிங் (இழந்த இடத்தில் மட்டும் வண்ணம் தொட்டுச் சேர்ப்பது) செய்ய வேண்டிய வேலை. ஸ்பெயினில் பின்துணிக்கு வழக்கமான பசை 'காச்சா': மாவுக் கூழும் வச்சிரமும் சேர்ந்தது. மாவு கூடினால் பூச்சி அரிக்கும், வச்சிரம் கூடினால் படம் விறைத்துச் சுருண்டுகொள்ளும். கித்தான் நனைந்து சுருங்குவதில் பழைய பகுதிக்கும் பயணப்பட்ட துண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் ஆளுயர வெளிக்கோட்டில் சந்து வாய் பிளக்கும். அவர் அதைச் சமாளித்தார். நெருங்கி உற்றுப் பார்ப்பவருக்கே வெட்டின் தடம் தெரியும்.

ஆகவே கை தெரியாதவர் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

ஆளிவிதை · 15 பிப்ரவரி 2023

அது அவருக்கு எதிராகவும் பேசும். கை தெரிந்தவர் முரில்யோவில் எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. கோயாவில் செய்ய வேண்டியிருந்தது, செய்தார். இழந்த இடத்தை இழந்ததாகவே காட்டும் ஒழுங்கு அன்று இல்லை. மெல்லிய நிமிர்கோடுகளால் நிரப்பி, கிட்டே பார்த்தால் புதிது என்று தெரியும்படி விடும் முறை 1940களில் ரோமில் செசாரே பிராந்தியின் கலைப் பழுதுபார்ப்பு நிறுவனத்தில் வந்தது. 1874இன் அளவுகோல் 'படம் முழுதாகத் தெரிய வேண்டும்' என்பது. அதிலும் கண்காட்சிப் பதக்கத்துக்கு வரையும் வரலாற்றுப் படக்காரருக்கு ஓட்டையுள்ள படம் என்பது முடிக்காத வேலை. காலில்லாத மனிதனுக்குக் காலோ, காலை மறைக்க மண்ணோ போட்டே ஆக வேண்டும்.

பழைய சுதை · 15 பிப்ரவரி 2023

இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிவில் 'இரண்டும்தான்' என்றது இதற்காகத்தான்.

இதோடு வேலை கொடுத்தவரையும் சேர்க்க வேண்டும். 1873இல் அந்தப் பண்ணைவீட்டை வாங்கியவர் வங்கியாளர் பிரெடெரிக் எமீல் தெர்லாஞ்சே. படங்களைக் கித்தானுக்கு மாற்றச் சொன்னவரும் அவரே. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. அங்கே பெரிய வரவேற்பு இல்லை. 1881இல் ஸ்பெயின் அரசுக்குக் கொடையாகத் தந்தார், அப்படியே பிராடோவுக்கு வந்தன. அதாவது இது பிராடோவின் பொறுமையான பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கவில்லை. தனி உரிமையாளர் ஒருவருக்கு, உலகத்துக்குக் காட்டத்தக்க 14 சட்டமிட்ட படங்கள் வேண்டியிருந்தன. நேர்த்தியான செவ்வகம், விழாத வண்ணம், ஓட்டையில்லாத முகம்.

வீடு 1909 வாக்கில் இடிக்கப்பட்டது. பெயர்க்காமல் விட்டிருந்தால் நம்மிடம் லாரென்டின் புகைப்படங்கள் மட்டும் இருந்திருக்கும். பெயர்த்தது சரி. என் குறை மேல்பூச்சிலும் அந்த வலப்பக்க வெட்டிலும்தான்.

நிழல்வண்ணன் · 17 பிப்ரவரி 2023

அப்படியானால் 'முரட்டு நகல்' என்பது?

பழைய சுதை · 17 பிப்ரவரி 2023

மிகை. எக்ஸ்ரேயில் ஈய வெள்ளையின் (ஈயத்தால் ஆன வெள்ளை வண்ணத்தின்) ஓட்டம் தெளிவாகத் தெரிகிறது. வேகமான, அகலமான, வழிமாறும் அந்தக் கை கோயாவின் மற்றப் பிற்காலப் படங்களில் உள்ளதே. மார்த்தினெஸ் குபெல்ஸின் இனெஸ் தெ காஸ்த்ரோவில் துணி மடிப்பைப் போடும் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் முடித்து மெழுகியது. அந்தக் கையால், தன் பிள்ளையைத் தின்னும் சனியின் படத்தில் (143.5க்கு 81.4) அந்தக் கண்ணைப் போட முடியாது. ஆனால் சனியின் தொடைக்குக் கீழே உள்ள கறுப்பை நான் கோயாவென்று சத்தியம் செய்யமாட்டேன்.

பிராடோவின் 67ஆம் அறைக்குப் போகிறவர்கள், அல்லது அதன் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள், முகங்களிலும் கைகளிலும் தொடங்குங்கள். வெளிச்சம் விழும் தடித்த இடங்கள் உரிதலைத் தாங்கியவை. படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கையும், எந்தத் தூரிகை ஓட்டமும் இல்லாத தட்டையான இருட்டையும் சந்தேகத்தோடு பாருங்கள். இருட்டுக்குள் கித்தான் நெசவு சீராக எழும்பி, அதன்மேல் வண்ணம் வழுக்கென்று ஓடினால் அது ஒட்டியபின் போட்டது. பழைய வண்ணம் நெசவோடு சேர்ந்தே நெளியும், அதன் வெடிப்புகள் நெசவைக் கவனிக்காமல் சுவரின் போக்கில் ஓடும்.

ஆளிவிதை · 18 பிப்ரவரி 2023

2000களின் தொடக்கத்தில் இவற்றைக் கோயாவே வரையவில்லை, வீட்டின் மேல்தளமே அவர் போன பிறகு கட்டியது என்று கலை வரலாற்றாளர் ஹுவான் ஹோசே ஹுங்கேரா கிளப்பியதும் இந்தப் பழுதுபார்ப்பின் நிழலில்தான். முகம் இவ்வளவு மாறியிருக்கும்போது எவரும் எதையும் சொல்லலாம். கோயா ஆய்வாளர் நைஜல் கிளெண்டினிங் ஆவணங்களை வைத்து மறுத்தார். பிராடோவும் கோயாவின் பெயரையே வைத்திருக்கிறது.

பழைய சுதை · 20 பிப்ரவரி 2023

கடைசியாக ஒரு துணைச்செய்தி, ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு. 'நிலக்காட்சியில் தலைகள்' என்ற படத்தை அதே வீட்டின் 15ஆவது ஓவியமாகப் பலர் கருதுகிறார்கள். அது தெர்லாஞ்சேயின் கொடையில் சேரவில்லை, நியூயார்க்கில் தனியார் சேகரிப்புக்குப் போனது. ஆகவே 1881க்குப் பிந்தைய அதன் வரலாறு பிராடோப் படங்களிலிருந்து வேறு. பிராடோவின் 14இல் எந்தப் பூச்சு 1870களுடையது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிக்க முயல்கிறவர் முதலில் வேதிப் பகுப்பாய்வுக்கு எடுக்க வேண்டிய துணைப்படம் அதுதான்.